சூறை, சூறாவளி, புயல்: எங்கே எதை எழுதுவது

காற்றுச் செய்தி எழுத உட்காரும்போது, வாசகர் எந்தக் கரையில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது தமிழ்நாட்டாருக்குப் புயல். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது ஈழத்துப் பேச்சில் சூறாவளி. இரண்டும் ஒரே வகைக் காற்றுதான். இலங்கைச் செய்தியைச் சென்னை வாசகருக்காக எடுத்தெழுதினால் 'புயல்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அடித்து ஓய்ந்த வெறும் காற்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

காரணம், தமிழ்நாட்டு வானிலை அறிக்கையில் 'சூறாவளி' என்ற சொல்லுக்கு வேறு வேலை. "சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்" என்று மீனவர் எச்சரிக்கையில் வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புயல் என்பதற்கு 62 கி.மீ. வேண்டும், இது 65 ஆயிற்றே என்று தலைப்பில் 'புயல்' போட்டுவிடுவார்கள். அந்த 62, தாழ்வு மண்டலத்தைச் சுற்றி நிலைத்து வீசும் காற்றின் 3 நிமிடச் சராசரி. 65 சில நொடி எகிறல். 'இடையிடையே' என்ற சொல்லை விட்டுவிடாமல் எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

வளி என்றாலே காற்று. ஆகவே 'சூறாவளிக்காற்று' கூறியது கூறல்தான். அறிக்கையை மேற்கோள் காட்டும்போது கை வைக்காதீர்கள். உங்கள் நடையில் 'சூறைக்காற்று' போதும். கோடை மழையோடு வந்து, குலை தள்ளிய வாழையை முறித்துவிட்டுப் போகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

'சூறை' என்று தனியாக விட்டால் கொள்ளை என்ற பொருள் முந்திக்கொள்ளும். "வாழைத்தோப்பு சூறை" என்ற தலைப்பைப் படித்தால் ஆள் வந்ததா, காற்று வந்ததா? 'காற்றில்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. பிள்ளையாருக்கு உடைக்கும் சூறைத்தேங்காயில் இரண்டு பொருளும் கலந்திருக்கின்றன: சில்லுகள் சிதறும், சுற்றி நிற்பவர்கள் அள்ளிக்கொள்வார்கள். தேர்தல் காலத்துச் 'சூறாவளிச் சுற்றுப்பயண'த்தில் வேகம் மட்டுமே மிச்சம். தேய்ந்த சொல், முடிந்தால் தவிருங்கள்.

எழுத்துப் பிழையையும் பாருங்கள். காற்றுக்கும் கொள்ளைக்கும் வல்லின றகரம். இடையின ரகரம் போட்டுச் 'சூரை' என்றால் அது முட்செடி.