எண்ணெயில் வந்த அசெட்டிலீன் எங்கிருந்து வந்தது? மின்மாற்றிப் பழுதைத் தேடும்போது செய்யும் தவறுகள்

பவர் டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆனதும் மேலிருந்து வரும் முதல் கேள்வி, "ஒரு தடவை சார்ஜ் பண்ணிப் பார்க்கலாமா?" என்பதுதான். உள்ளே போகும் கரன்ட்டையும் வெளியே வரும் கரன்ட்டையும் ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலேயும், எண்ணெயில் உண்டாகும் வாயுவைப் பிடிக்கும் புக்ஹோல்ஸ் ரிலேயும் சேர்ந்து இயங்கியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உள்ளே வைண்டிங் (கம்பிச் சுருள்) அடிபட்டிருக்கும்போது மறுபடி மின்சாரம் கொடுத்தால், ஒரு காயிலோடு முடிய வேண்டிய சேதம் டேங்க் வெடித்துத் தீப்பிடிப்பது வரை போகலாம்.

டிரிப் இல்லாமல் புக்ஹோல்ஸ் அலாரம் மட்டும் வந்தால், "காத்துதான்" என்று வாயுவைத் திறந்துவிட்டு ரீசெட் செய்பவர்கள் நிறையப் பேர். ஆயில் ஃபில்டர் செய்த சில நாட்களுக்குள் என்றால் அது காற்றாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்த வாயுதான் கைக்குக் கிடைத்த முதல் தடயம். உடனே மாதிரி எடுக்காவிட்டால் அது எண்ணெயில் திரும்பக் கரைந்து, கலவையே மாறிவிடும். தீக்குச்சியைக் காட்டி எரிகிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து, எண்ணெயில் கரைந்த வாயுக்களை அளக்கும் டிஜிஏ. அதிகத் தவறு நடப்பது இங்கேதான், அதுவும் லேபில் அல்ல, வால்வடியில். வால்வுக் குழாயில் தேங்கிக் கிடக்கும் எண்ணெயைத் தாராளமாக வெளியேற்றாமல் பிடித்தால், டேங்க் எண்ணெயைப் பற்றி அந்த மாதிரி ஒன்றும் சொல்லாது. கண்ணாடி சிரிஞ்சுக்குப் பதில் கிடைத்த பாட்டிலில் பிடிப்பது, உள்ளே காற்றுக் குமிழியை விட்டுவிடுவது, வெயிலில் வைத்துவிட்டு மறுநாள் அனுப்புவது எல்லாம் ஹைட்ரஜனைத்தான் முதலில் காவு வாங்கும். அது எண்ணெயில் நிற்காமல் சுலபமாகத் தப்பிவிடும் வாயு.

ரிப்போர்ட் வந்ததும் அவசரமாக டுவால் முக்கோணத்தில் புள்ளி வைப்பது இன்னொரு தவறு. மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் மூன்றின் விகிதத்தை வைத்துப் பழுதின் வகையைச் சொல்லும் படம் அது. அதில் 'பழுதில்லை' என்று ஒரு பகுதியே கிடையாது. ஆரோக்கியமான டிரான்ஸ்ஃபார்மரின் அளவுகளைப் போட்டாலும் ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்லும். முதலில் வாயுக்களின் அளவு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா, போன முறையைவிட எவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முக்கோணத்துக்குப் போக வேண்டும்.

அசெட்டிலீனைப் பார்த்ததும் பதற்றம் வருவது நியாயம்தான். ஆர்க் அடிக்கும் அளவு வெப்பத்தில்தான் அது கணிசமாக உருவாகும். ஆனால் லோடு ஓடும்போதே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஆன்லோட் டேப் சேஞ்சரில், கரன்ட்டை ஒரு டேப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் டைவர்ட்டர் சுவிட்ச் தினமும் செய்யும் வேலையே ஆர்க்கோடுதான். அந்த அறையின் எண்ணெய் சீல் வழியாக மெயின் டேங்குக்குக் கசிந்தால், வைண்டிங்கில் ஒரு கோளாறும் இல்லாமலே அசெட்டிலீன் ஏறும். டேங்கைத் திறக்க முடிவெடுக்கும் முன் அந்தக் கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

"பிடிவி 60 கேவி வந்திருக்கு, அப்புறம் என்ன?" என்பார்கள். பிடிவி என்பது எண்ணெய் எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்று பார்க்கும் சோதனை. அது சொல்வது எண்ணெயில் உள்ள ஈரத்தையும் தூசியையும். கரைந்த வாயு அதில் தெரியாது.

இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸைக் காட்டும் மெக்கர் அளவில் வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். தோராயமாக 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பாதியாகும். எண்ணெய் 30 டிகிரியில் இருக்கும்போது 3200 மெகா ஓம் காட்டியது, 60 டிகிரியில் 400 காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் கெடவில்லை, சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். டேங்கைத் தொடாமல் கம்பியை வெளியே கொண்டுவரும் இன்சுலேட்டரான புஷிங்கைத் துடைக்காமல் அளந்தால் அதன் அழுக்கும் ஈரமும் சேர்ந்து கணக்கில் வரும்.

சோதனைகளின் வரிசையும் முக்கியம். வைண்டிங் ரெசிஸ்டன்ஸுக்கு டிசி கொடுத்ததும் கோரில் (நடுவிலுள்ள இரும்பில்) காந்தம் தங்கிவிடும். அதை நீக்காமல் மேக்னடைசிங் கரன்ட்டோ, வைண்டிங் நகர்ந்திருக்கிறதா என்று பல அதிர்வெண்களில் பார்க்கும் எஸ்எஃப்ஆர்ஏவோ எடுத்தால், இல்லாத பழுதைத் தேடி அலைய வேண்டியதுதான்.

கடைசியாக, புஷிங்கின் இன்சுலேஷன் தரத்தைக் காட்டும் டான் டெல்டா எடுக்கக் கழற்றும் டெஸ்ட் டேப் (சோதனைக்காக வெளியே விட்டிருக்கும் முனை) மூடி. அந்த டேப்பை எர்த் செய்து வைத்திருப்பது அந்த மூடிதான். அதைத் திரும்பச் சரியாக மாட்டாமல் சார்ஜ் செய்தால் டேப்பில் மின்னழுத்தம் ஏறி, நன்றாக இருந்த புஷிங் சோதனை செய்ததாலேயே போய்விடும். மூடியை மாட்டுபவர் ஒருவர், ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.