திருச்சியிலிருந்து அங்கோர்வாட்: எல்லையில் விசாக் கட்டணத்தை எந்தப் பணத்தில் கட்டுவது?

தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கம்போடியா தூரத்து ஊர் இல்லை. கம்போஜ அரசன் நட்பு நாடி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய செய்தி நம் கரந்தைச் செப்பேட்டிலேயே இருக்கிறது. அங்கோர்வாட்டை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று கும்பகோணம், மாயவரம் பக்கம் இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட், ஓட்டல் எல்லாம் பிள்ளைகள் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லையில் கவுன்ட்டர் முன்னால் நின்று பணம் நீட்டும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. அந்த ஒரு இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் வழி இது: திருச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரம் (2023இல் வியட்ஜெட் இந்த நேரடி விமானத்தைத் தொடங்கியது, இப்போது எந்தெந்த நாளில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்), அங்கிருந்து பஸ்ஸில் மொக் பாய் – பாவெட் எல்லை வழியாகக் கம்போடியா. முன்பு பலர் தாய்லாந்து வழியாகத் தரைவழியில் போனார்கள். 2025இல் அந்த எல்லையில் சண்டை மூண்டு சாவடிகளை மூடிவிட்டார்கள். அதனால் வியட்நாம் வழியைச் சொல்கிறேன்.

முதல் படி: வியட்நாமுக்குள் எத்தனை தடவை நுழைவீர்கள் என்று எண்ணுங்கள்

வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். கம்போடியா போய்விட்டுத் திரும்பவும் ஹோ சி மின் வந்து விமானம் ஏறுவதாக இருந்தால், நீங்கள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். 25 டாலரே போதும் என்று வாங்கினால், திரும்பி வரும்போது எல்லையில் நிறுத்திவிடுவார்கள். 50 டாலர் விசாவே வாங்குங்கள்.

விண்ணப்பத்தை அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள். முகவரியில் ஜி-ஓ-வி என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். தேடினால் மேலே வந்து நிற்கும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை, அதே விசாவுக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். கட்டிய கட்டணம் விண்ணப்பம் தள்ளுபடியானாலும் திரும்பி வராது. ஆகவே பெயரில் கவனம் வையுங்கள். நம் பக்கத்தில் இனிஷியல் ஒரு தொந்தரவு. பாஸ்போர்ட்டில் சிலருக்குத் துணைப்பெயர் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். நினைவிலிருந்து எழுதாதீர்கள். போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். நுழையும் இடமாக விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லையைக் கடக்கும் இடமாக மொக் பாய் பெயரைத் தேடிப் போடுங்கள்.

பணம் கார்டில்தான் கட்ட வேண்டும். இந்தியாவில் கொடுக்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அடைத்தே இருக்கும், ரிசர்வ் வங்கியின் விதி அப்படி. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு உட்காருங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 டாலர் 4,500 ரூபாய். அதன்மேல் பல கார்டுகள் 3.5 சதவீதம் பிடிக்கும், அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் ஒரு 186 ரூபாய் கூடுதலாகும். கணக்கில் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம், இதுதான் காரணம்.

இரண்டாம் படி: டாலரை ஊரிலேயே மாற்றுங்கள், சில்லறையாகக் கேளுங்கள்

கம்போடியா சுற்றுலா விசா எல்லையிலேயே கிடைக்கும். 30 டாலர், 30 நாள். டாலராகவே கையில் வைத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மணி எக்ஸ்சேஞ்சிலோ வங்கியிலோ மாற்றுங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் நகல்களைக் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், காசோலையோ கார்டோ வேண்டும். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம். அவ்வளவு நமக்கு வேண்டாம். 300 டாலர் மாற்றினால் 27,000 ரூபாய், அதற்கான ஜிஎஸ்டி 48 ரூபாய் 60 காசுதான். ரசீதில் அதைவிடப் பெரிய தொகை இருந்தால் என்ன கட்டணம் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கேட்காவிட்டால் மூன்று நூறு டாலர் நோட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் முன்னாடியே போன் செய்து, தலைக்கு ஒரு 20, ஒரு 10, அப்புறம் சில 5, 1 டாலர் நோட்டுகள் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல், முத்திரைக் கறை எதுவும் கூடாது. பழைய அச்சு நோட்டையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். நம் ஊரில் கசங்கின பத்து ரூபாய் ஓடுகிற மாதிரி அங்கே கசங்கின டாலர் ஓடாது. என் அத்தை 20 டாலர் நோட்டைச் சுருக்குப்பையில், கோயில் குங்குமப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் சிவப்பு ஏறிவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர் எதுவும் பேசாமல் நோட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். “சாமி குங்குமம்தானேப்பா” என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. என்னிடம் இன்னொரு 20 இருந்ததால் வரிசை நகர்ந்தது. அதிலிருந்து ஆளுக்கு ஒரு தனிக் கவர், உள்ளே விசாப் பணமும் ஒரு போட்டோவும், மடிக்காமல். போட்டோ இல்லையென்றால் அதற்கும் தனியாக ஓரிரு டாலர் கேட்பார்கள்.

மூன்றாம் படி: பஸ்ஸில் 35 டாலர் கேட்டால்

ஹோ சி மின்னிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் பஸ் உதவியாளர் பாஸ்போர்ட்டோடு 35 டாலர் வாங்க வருவது வழக்கம். விசா 30, மீதி 5 அவர் ஓடியாடி வாங்கிக் கொடுப்பதற்கான கூலி. அது அரசுக் கட்டணம் இல்லை. இளவயதினர் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லலாம், ஆனால் பஸ் காத்திருக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோடு அப்பா அம்மா கூட இருந்தால் அந்த 5 டாலரைக் கொடுத்துவிடுவதே சரி என்பது என் கருத்து.

நான்காம் படி: கவுன்ட்டரில் வேறு பணத்தில் விலை சொன்னால்

எந்த எல்லைக்கும் பொருந்துவது இது, நிதானமாகப் படியுங்கள். கட்டணம் டாலரில் எழுதியிருக்கும், வாயால் சொல்லும்போது பக்கத்து நாட்டுப் பணத்தில் சொல்வார்கள். ஒரு உதாரணம்: தாய்லாந்துப் பக்கத்து எல்லையில் 30 டாலருக்கு அந்நாட்டுப் பணத்தில் 1,200 பாத் என்கிறார்கள். அன்றைக்கு டாலர் 33 பாத் என்றால் 30 டாலர் 990 பாத்தான். ஆளுக்கு 210 பாத் அதிகம், நாலு பேர் குடும்பத்துக்கு 840 பாத். லாவோஸ் எல்லையிலும் இப்படித்தான், டாலர் இல்லாமல் பாத்தில் கட்டினால் கூடுதலாகும்.

அதனால் கிளம்பும் நாள் காலையில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்: டாலருக்கு எத்தனை டாங், எத்தனை ரியல், எத்தனை ரூபாய். கம்போடிய ரியல் சுலபம், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000. கவுன்ட்டரில் சண்டை வேண்டாம். டாலர் நோட்டை நீட்டி, “டாலர்” என்று ஒரே வார்த்தை சொல்லி நின்றால் போதும். மிச்சமான வியட்நாம் டாங்கை அங்கே நீட்டாதீர்கள், எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.

உள்ளே போன பிறகு கார்டு தேய்த்தால் இயந்திரம் ரூபாயில் கட்டவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்தையோ டாலரையோ தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த ரேட்டுக்குக் கட்டுவீர்கள். அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் சீட்டே வாங்குங்கள். பெரிய கோயிலை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்கிறவர் தஞ்சையிலும் கிடையாதே.

திரும்பி வந்த பிறகு மிச்ச டாலரை அலமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள். 2,000 டாலர் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் வங்கியிலோ மணி எக்ஸ்சேஞ்சிலோ திருப்ப வேண்டும். சின்ன நோட்டுகளை மட்டும் நான் மாற்றுவதில்லை. அடுத்து யாராவது கிளம்பினால் அந்தக் கவரை அப்படியே கொடுத்து, அதற்கான ரூபாயை வாங்கிக்கொள்கிறேன்.