பூண்டு வாடைக்குத் தயிரும் ஆப்பிளும்

மும்பையில் வடா பாவ் என்றால் அந்தச் சிவப்புப் பூண்டுச் சட்னி இல்லாமல் எப்படி? தாராளமாகச் சாப்பிடுங்கள். அப்புறம் நெரிசலான லோக்கல் ரயிலில் ஏறணுமே என்றால், பல் தேய்ப்பது மட்டும் போதாது. பூண்டிலிருந்து உண்டாகும் அல்லைல் மீதைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மணிக்கணக்கில் மூச்சோடு வந்துகொண்டே இருக்கும். ஏலக்காய், பான் எல்லாம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

கைகொடுப்பது தயிர், கொழுப்பு நீக்காத பால். அதுவும் சாப்பிடும்போதே சேர்த்துக்கொண்டால்தான் பலன் அதிகம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளே இதைச் சொல்கின்றன. மாட்டுங்கா மார்க்கெட்டில் புதினாக் கட்டு வாங்கினால் நாலு இலையைப் பச்சையாக நன்றாக மெல்லுங்கள். ஆப்பிளும் அப்படித்தான், வேகவைக்காமல் கடித்துத் தின்னணும். பூண்டே தொடாத நாளிலும் வாடை அடித்தால் பல் டாக்டரைப் பாருங்கள்.