பாடசாலை மாணவர் நடத்தும் நிதி சேகரிப்பு இசை நிகழ்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பாடசாலைகளில் வணிகக் கல்விச் செயற்றிட்டமாகவோ மாணவர் மன்றமொன்றின் ஆண்டு முயற்சியாகவோ இசை நிகழ்ச்சி நடத்தித் தொண்டுக்கு நிதி சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பாடவும் வாசிக்கவும் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் காசுக் கணக்கில்தான். அதுவும் மண்டபம் நிறைந்துவிட்டால் நிதியும் சேர்ந்துவிடும் என்ற நினைப்பில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மண்டபத்தில் 400 இருக்கைகள், டிக்கட் 1,000 ரூபாய், மண்டப வாடகை, ஒலி ஒளி, அச்சுக்கூலி, சிற்றுண்டி எல்லாம் சேர்ந்து 250,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் 250 டிக்கட்டுகள் விற்கும்வரை தொண்டுக்கென்று ஒரு சதமும் இல்லை. விருந்தினர், ஆசிரியர், பாடுவோரின் பெற்றோர் என்று 60 பேருக்கு இலவச அனுமதி கொடுத்து 280 டிக்கட்டுகளை விற்றால், பார்ப்பவர் கண்ணுக்கு மண்டபம் ஏறத்தாழ நிறைந்திருக்கும். கையில் மிஞ்சுவது 30,000 ரூபாய் மட்டுமே. இந்தக் கணக்கை மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே போட்டிருந்தால், பாடசாலை மண்டபமே போதும் என்றோ, வாடகைக்கு எடுக்கும் ஒளியமைப்பைக் குறைக்கலாம் என்றோ முடிவெடுத்திருக்கலாம். இலவச அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கையையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் கடைசிக் கிழமையில் யாருக்கும் மறுப்புச் சொல்ல முடியாது.

அடுத்த தவறு, அனுசரணையாளரின் வாய்ச்சொல்லை வரவில் சேர்ப்பது. வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடைகளில் ஏறி இறங்கும் மாணவருக்கு, "கட்டாயம் தருவன் தம்பி, நிகழ்ச்சிக்கு முதல் கிழமை வாங்கோ" என்ற பதில் தாராளமாகக் கிடைக்கும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்றில்லை. அந்தக் கிழமையில் அவருக்கு வேறு செலவுகள் வந்துவிடுகின்றன. எனவே காசு கையில் கிடைத்ததை ஒரு நிரலிலும், சொல்லால் மட்டும் உறுதி கிடைத்ததை இன்னொரு நிரலிலும் எழுதி, செலவுகளை முதல் நிரலை நம்பி மட்டுமே ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய தொகை தருபவரிடம், நிகழ்ச்சியையொட்டி வெளியிடும் சிறப்பு மலரில் எத்தனை பக்கம், மேடைப் பதாகையில் எந்த இடம் என்பதைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

டிக்கட் விநியோகத்தில்தான் நட்புகள் கெடுகின்றன. ஒவ்வொரு மாணவர் கையிலும் பத்துப் பத்தாகக் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சி நாளன்று வாசலில் நின்று கணக்குக் கேட்டால், விற்காத டிக்கட் எத்தனை, விற்றும் காசு வராதது எத்தனை என்பது யாருக்கும் தெரியாது. தொடர் இலக்கமும் அடிக்கட்டையும் உள்ள புத்தகமாக அச்சிட்டு, எந்த இலக்கம் யாரிடம் போனது என்று பதிவேட்டில் கையொப்பம் வாங்கி, விற்காதவற்றை நிகழ்ச்சிக்கு ஒரு கிழமை முன்பே திரும்பப் பெற வேண்டும். அப்போதுதான் அவற்றை விற்கக்கூடியவர் கையில் கொடுக்க முடியும். சேரும் காசு மாணவர் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில், அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், இருக்கலாகாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கிலோ அதிபர் அனுமதிக்கும் வேறு கணக்கிலோ, பொறுப்பாசிரியருக்குத் தெரிய வைப்பிலிடுவதே முறை.

அனுமதிகளைப் பிந்திக் கேட்பது இன்னொரு பொதுவான பிழை. டிக்கட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன்னரே டிக்கட் விற்று நடத்தும் நிகழ்ச்சிகளுக்கான களியாட்ட வரி குறித்து மாநகர சபையில் விசாரிக்க வேண்டும். விலக்குக் கோரும் எண்ணம் இருந்தாலும் அப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி பற்றிப் பொலிஸ் நிலையத்திலும் பேச வேண்டும். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிப் பாவனையை உயர் நீதிமன்றம் 2007 இல் வழங்கிய தீர்ப்பொன்று கட்டுப்படுத்தியிருப்பதால், திறந்த வெளியில் நடத்துவோர் இந்த நேரத்தை மனத்தில் வைத்தே நிகழ்ச்சி நிரலை வகுக்க வேண்டும். பாடல்களுக்கும் உரிமை உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். 1847 இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. டிக்கட் விற்று அண்மைக்காலத் திரைப்பாடல்களைப் பாடுவதென்றால், தொண்டுக்காக என்பதனால் மட்டும் அனுமதி தேவையில்லை என்று கருதக்கூடாது.

நாள் குறிக்கையில் பரீட்சைகளும் மார்ச் மாதக் கிரிக்கெட் போட்டிகளும் எல்லோருக்கும் நினைவிருக்கும். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் தேர்த் திருவிழா மட்டும் மறந்துபோகும். தேர் காலி வீதியில் வரும் நாளில் பம்பலப்பிட்டியில் மண்டபம் எடுத்தால் பார்வையாளர் வந்து சேர்வதே பெரும்பாடு. ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை வழக்கம் என்பதால் அக்காலத்தில் மைதானத்தை நம்ப வேண்டாம்.

மேடையில் நேரத்தை விழுங்குவது பாட்டன்று. விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடைகள். மண்டபத்தை மணிக்கணக்கில் எடுத்திருந்தால் ஒவ்வோர் உரைக்கும் வாடகை ஓடுகிறது. அதைவிட, பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் வாகனம் நிறுத்த இடமின்றி வெளியே காத்திருப்பார்கள். உரைகளுக்கு மொத்தம் இருபது நிமிடம் என்று விருந்தினரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொன்னால், மனம் கோணுபவர் மிகச் சிலரே.

உதவி பெறும் இடத்தைக் கடைசியில் தேடுவதையும் தவிர்க்க வேண்டும். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கென்று எண்ணியிருந்தால், டிக்கட்டில் அதன் பெயரை அச்சிடும் முன் நிர்வாகத்தைச் சந்தித்து, பெயரைப் பயன்படுத்தலாமா, காசாக ஏற்பார்களா, பொருளாகவா, எப்பொருள் உண்மையில் தேவை என்று கேட்க வேண்டும். மாணவர் தாமே ஊகித்து வாங்கிய பொருள் களஞ்சியத்தில் கிடக்கக்கூடும். சிறுவர் இல்லத்துக்குக் கொடுப்பதாயின், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் இடும் வழக்கத்தைக் கைவிடுவதே கண்ணியம். அனுசரணையாளருக்குக் காட்டப் பற்றுச்சீட்டு ஒன்றே போதும். அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியுடன் வரவு செலவு அறிக்கையையும் இரண்டு கிழமைக்குள் அனுப்பி வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் அதே கடைகளுக்குப் போகும்போது புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிராது.