பழைய கார் மிஸ் அடிக்கிறதா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பழைய மாருதி 800 ஒன்று சிக்னலில் நின்று குலுங்குகிறது, மிஸ் அடிக்கிறது (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியத் தவறுகிறது) என்றால், பானட்டைத் திறப்பவரின் திருப்புளி முதலில் தேடிப்போவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத்தான். அரைச் சுற்று திருகியதும் இன்ஜின் வேகம் ஏறும், குலுக்கல் குறைந்தது போலத் தோன்றும், காசு கைமாறும். மறுவாரம் அதே குலுக்கல் திரும்பி வரும். பெட்ரோல் செலவும் ஏறியிருக்கும். ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கிற வைத்தியம் இது.

அந்த ஸ்க்ரூ ஏன் ஏமாற்றுகிறது? ஐடிலிங் (நின்ற இடத்தில் ஓடும் வேகம்) ஸ்க்ரூ, காற்று வழியின் கதவான த்ராட்டிலைச் சற்றே திறந்து வைக்கிறது. வேகம் கூடியதும் ஒரு சிலிண்டரின் பலவீனத்தை ஃப்ளைவீலின் சுழற்சி மறைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ இன்னும் ஆபத்தானது. எங்கோ இன்ஜின் கூடுதலாகக் காற்று இழுத்துக்கொண்டிருந்தால், பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து அதைச் சமன் செய்துவிடலாம். ஆனால் பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரை வழித்துக்கொண்டு ஆயிலில் கலக்கும். தொட்டே ஆகவேண்டும் என்றால், அந்த மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முட்டும்வரை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே அளவுக்குத் திருப்பி வையுங்கள். இந்த எண்ணிக்கையை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால்தான் பல வண்டிகள் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகின்றன.

குலுங்குவதெல்லாம் மிஸ்ஸிங் அல்ல

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இருப்பது 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின். பிறவியிலேயே கொஞ்சம் ஆடுகிற வடிவமைப்பு அது. அந்த ஆட்டத்தை விழுங்குவது இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர். ரப்பர் வெடித்தோ இறுகியோ போனால், நன்றாக ஓடும் இன்ஜினும் ஸ்டியரிங்கையும் சீட்டையும் உலுக்கும். இப்படிப்பட்ட வண்டிக்குப் பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர், அந்த மின்சாரத்தின் வோல்ட்டை உயர்த்தும் காயில் என்று மூன்றையும் மாற்றிவிட்டு, "இன்னும் சரியாகவில்லையே" என்று திகைப்பவர்கள் நிறைய.

மிஸ்ஸிங்கையும் மவுண்டிங் கோளாறையும் பிரித்தறிய ஒரு துண்டுச் செய்தித்தாள் போதும். இன்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் ஓடவிட்டு, சைலன்ஸர் வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளித் தாளைப் பிடியுங்கள். காற்று ஒரே சீராகத் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது. கோளாறு மவுண்டிங்கில் இருக்கலாம். தாளம் தவறாமல் ஒரு இடறல் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை செய்யவில்லை. இடறல் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்: பாயின்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் தொடுமுனை), காயில், காற்றுக் கசிவு, பெட்ரோல். தாள் அவ்வப்போது உள்நோக்கி உறிஞ்சப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்று பார்க்கலாம். காசில்லாத சோதனை என்பதாலோ என்னவோ, இதற்கு மதிப்பில்லை.

எப்போது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

மெக்கானிக்கிடம் "மிஸ் அடிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுப்பது வண்டிக்காரர் செய்யும் தவறு. காலையில் மட்டுமா, சூடானபிறகா? நிற்கும்போதா, மேட்டில் ஏறும்போதா? மழையிலா? இந்தப் பதில்கள் பாதி வேலையை முடித்துவிடும். ஐடிலிங்கில் குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு முதல் சந்தேகம். ஐடிலிங் நன்றாக இருந்து மேட்டில் திணறினால் பிளக், வயர், பெட்ரோல் வரத்து. மழை நாளில் மட்டும் என்றால் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் விரிசலும் வயர்களின் உறையும். இருட்டில் பானட்டைத் திறந்து ஓடவிட்டால் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திணறி நின்று, சற்று நேரம் கழித்துக் கிளம்புகிற வண்டியில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், டாங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரை இறக்கிக் கழுவிய எத்தனையோ வண்டிகளின் நோய் அந்த மூடியிலேயே இருந்திருக்கும்.

ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்குவது

பழைய பாயின்ட் வண்டிகளில் வளர்ந்த பழக்கம். ஒவ்வொரு வயராகக் கையால் இழுத்து, எதை இழுத்தால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் செத்தது என்று கண்டுபிடிப்பார்கள். தர்க்கம் சரி, முறை தவறு. பிளக்குக்குப் போவது பல்லாயிரம் வோல்ட். ஷாக் ஒருபுறம் இருக்க, எர்த் இல்லாமல் அந்தரத்தில் விடப்பட்ட வயரில் மின்சாரம் போக வழியில்லாமல் காயிலையும், எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் மாட்யூலையும் பதம் பார்க்கும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு வயரைக் கழற்றுங்கள். அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உடல் இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி, கார்புரேட்டருக்கும் பெட்ரோல் ஹோசுக்கும் எட்டாத இடத்தில் கட்டி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சுழற்சி விழுந்தால் அந்தச் சிலிண்டர் இதுவரை உழைத்திருக்கிறது. மாற்றமே இல்லை என்றால் குற்றவாளி அதுதான். அடுத்து அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் பிளக், போகாவிட்டால் வயரை மாற்றிப் பார்க்கலாம், அதற்கும் போகாவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். புதுப் பொருள் எதுவும் வாங்காமலே இவ்வளவு தெரிந்துவிடும். சோதனையை இழுத்தடிக்காதீர்கள். 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புதுக் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உண்டு. எரியாத பெட்ரோல் அதற்குள் போனால் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து கெட்டுப்போகும்.

கழற்றிய பிளக்குகளை ஒரே டப்பாவில் கொட்டிவிடுவதும் கூடாது. சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகம். மூன்றில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால், மூன்றுக்கும் பொதுவான கார்புரேட்டரை எப்படிக் குற்றம் சொல்வது?

வரிசை மாறினால் எல்லாம் வீண்

பாயின்ட் உள்ள வண்டியில் பலர் டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) முதலில் வைத்துவிட்டுப் பிறகு பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைக்கிறார்கள். இடைவெளி மாறினால் பாயின்ட் திறக்கும் நேரம் மாறும். டைமிங் தானாகவே தவறிவிடும். டேப்பட் (வால்வு இடைவெளி), பாயின்ட், டைமிங், அதன்பிறகே கார்புரேட்டர் என்பதுதான் முறை. இடைவெளியைக் கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜ் (அளவிட்ட மெல்லிய தகடு) வைத்து அளக்க வேண்டும், பிளேடோ அட்டையோ வைத்து அல்ல. அளக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி வேறாக விழும், எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. பாயின்ட் அடிக்கடி கருகினால் அதில் எழும் பொறியை அடக்கும் கன்டென்சரைப் பாருங்கள். சூடேறியதும் வரும் மிஸ்ஸிங்கிலும் அதன் கை உண்டு.

காற்றுக் கசிவைத் தேட, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைச் சுற்றிப் பெட்ரோல் தெளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. பக்கத்திலேயே பழுத்த எக்ஸாஸ்ட், மேலே கசியும் பிளக் வயர். தண்ணீரைச் சிறு பீச்சானில் எடுத்து கேஸ்கட் விளிம்பில் பீச்சினாலே கசிவு இருக்கும் இடத்தில் ஐடிலிங் மாறும். வேக்கும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தும் பார்க்கலாம். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் ஹோஸை அழுத்தியதும் குலுக்கல் அடங்கினால் பூஸ்டரில் ஓட்டை. அப்போது கவலை மிஸ்ஸிங்கைவிட பிரேக்கைப் பற்றியது.

பெட்ரோலும் மாறிவிட்டது

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 போதும். சென்சார் உள்ள கார் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஆகவே கலவை மெலிந்து, காலையில் திணறலும் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு தயக்கமும் வரும். உடனே பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்குவது அவசரம். முதலில் பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பியிருக்கின்றனவா, பம்ப் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா, ஃபில்டரில் டாங்க் கசடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் பழைய படிவுகளைக் கரைத்துக்கொண்டு வரும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் அது ஈரத்தையும் இழுத்துக்கொண்டு டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கலாம். அதன்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முதலில் குடிப்பது அந்த அடித்தண்ணீரைத்தான். வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

பெரிய செலவுக்கு முன் கம்ப்ரஷன் பார்ப்பதையும் தவிர்க்காதீர்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி அளக்க வேண்டும். மிதிக்காமல் அளந்தால் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். அதை நம்பி ரீபோருக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதற்கு)ப் போனவர்கள் உண்டு. குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

இவ்வளவும் சரி என்றால் கார்புரேட்டரைக் கழற்றலாம். ஜெட்டில் கம்பி விடாதீர்கள், பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும். திரும்ப மாட்டும்போது அடி நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஃபிளேஞ்ச் (அடித்தட்டு) வளைந்து, அங்கிருந்தே காற்று இழுக்க ஆரம்பிக்கும்.