புனிதர்களின் கண்ணாடி யன்னல்: திருகோணமலைப் பங்குகள் தவிர்க்க வேண்டியவை

கொடியேற்றத்துக்கு முன் சிரமதானம் என்று வாளியும் சவர்க்காரத்தூளுமாக இறங்கும்போதுதான் வண்ணக் கண்ணாடிகளுக்குப் பெருஞ்சேதம் வருகிறது. கண்ணாடியின் நிறம் பெரும்பாலும் உருக்கும்போதே சேர்ந்தது, கழுவினால் போகாது. புனித அந்தோனியாரின் கண், இமை, கைவிரல், லீலி மலரின் நரம்பு அப்படியல்ல. உலோக ஒக்சைட்டும் கண்ணாடித் தூளும் கலந்த கருமையால் உட்பக்கத்தில் வரைந்து, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூளையில் சுட்டவை அவை. சூடு போதாத இடத்தில் ஈரத்துணி பட்டாலே கோடு பெயரும். போன முகம் திரும்பாது.

அதனால் உட்பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம். முகத்தை விட்டு, கரை வேலைப்பாட்டில் ஒரு சிறு கோட்டின்மேல், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியை மெல்ல உருட்டிப் பாருங்கள். பஞ்சில் கருமை ஏறி, அது அழுக்கா வர்ணமா என்ற சந்தேகம் வந்தாலே நிறுத்துங்கள். கரையோரக் கிணற்று நீர் காய்ந்தால் உப்பு வெண்படலமாகப் படியும். வினாகிரி, தேசிக்காய்ப் புளி, வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசை எல்லாம் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டியை அரிக்கும். ஈயத்தில் பூக்கும் வெள்ளைப் பொடி நஞ்சு. கூட்டித் தள்ளாதீர்கள், பிள்ளைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

கடற்காற்று கெடுப்பது யன்னலைத் தாங்கக் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். சுவருக்குள் புதைந்த முனை வீங்கிக் கல்லையும் கண்ணாடியையும் வெடிக்கவைக்கும். வாடை மழை ஓய்ந்த மாசியில் துருவைச் சுரண்டிப் பூச்சு அடியுங்கள். கண்ணாடியைக் கம்பியோடு கட்டிய செப்புக் கம்பிகள் அறுந்திருந்தால், கச்சான் தொடங்குமுன் மாற்றுங்கள். யன்னல் வயிறு தள்ளியிருந்தால் கையால் அமுக்க வேண்டாம், கண்ணாடி பிளக்கும். நூல் இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அடுத்த வருடம் கூடியிருந்தால் கழற்றி, தட்டையாகக் கிடத்திப் புது ஈயம் போடத்தான் வேண்டும்.

காசு செலவழித்துச் செய்யும் தவறு, வெளியே பொலிகாபனேற் தகட்டை நாலு பக்கமும் அடைத்துப் பூட்டுவது. உள்ளே வெப்பம் தேங்கும், மழைக்காலத்தில் ஈரம் வியர்த்து வர்ணத்தையும் ஈயத்தையும் தின்னும். சுமார் 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்து, பூச்சி புகாத வலை அடியுங்கள். யன்னல் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைப் பெயின்ரர்கள் பூசி அடைக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

உடைந்தால் அரிசியளவு துண்டையும் பொறுக்கி, எந்த இடத்துத் துண்டென்று எழுதிப் பெட்டியில் வையுங்கள். தற்காலிக ஒட்டுநாடா வெளிப்பக்கத்தில் மட்டும்.