மின் நிலையச் செய்தி வந்தால் என்னென்ன கேட்கலாம்?

மின்கட்டமைப்புக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவன் நான். புதிதாக ஒரு மின் நிலையம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் ‘இது நல்லதா, கெட்டதா?’ என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. நான் கேட்கிற கேள்விகள் வேறு. அவற்றை யாரும் கேட்கலாம்.

முதலில் மெகாவாட். செய்தியில் போடுவது நிறுவுதிறன், அதாவது உச்சத்தில் எவ்வளவு தரும் என்பது. வருடம் முழுக்க என்ன வரும் என்பது தனிக் கணக்கு. தோராயமாக சூரிய மின்சாரத்துக்கு 20 சதவீதம், நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு 30, அணு உலைக்கு 85 என்று வைத்துப் பெருக்குங்கள். இடத்துக்கு இடம் மாறும்தான். ஆனாலும் 1,000 மெகாவாட் சூரிய நிலையத்தின் சராசரி 200, அதே அளவு அணு உலைக்கு 850 என்பது தெரிந்துவிடும். ‘அணு உலைக்கு இணையான சூரியப் பூங்கா’ என்று தலைப்பு வந்தால் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கைதட்டுங்கள்.

அடுத்து, எந்த நேரத்தில் வரும் மின்சாரம்? எங்கள் அறையில் இதுதான் பெரிய தலைவலி. மாலையில் வெயில் இறங்க இறங்க திரையில் சூரிய மின்சாரக் கோடு சரியும். வீடுகளில் விளக்கெரியத் தொடங்குவதால் தேவைக் கோடு அதே நேரம் ஏறும். நடுவில் விழும் பள்ளத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நீர்மின்சாரமோ எரிவாயுவோ பேட்டரியோ நிரப்பியாக வேண்டும். அதனால் பேட்டரி என்றால் மெகாவாட்-மணியும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி என்றால் முழு வீச்சில் நாலு மணி நேரம் தாங்கும். மணிக்கணக்கு இல்லாத பேட்டரிச் செய்தியை நான் படிப்பதோடு சரி.

அணு உலையில் கேள்வி தலைகீழ்: நிறுத்தினால் நிற்குமா? அணுப்பிளவு சில நொடிகளில் நின்றுவிடும், வெப்பம் நிற்காது. நிறுத்திய கணத்தில்கூட முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் வந்துகொண்டிருக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. எனவே ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லோடு விட்டுவிடாதீர்கள். வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் சேர்ந்து போனால் எத்தனை மணி நேரம் தானாகக் குளிரும் என்று கேளுங்கள். ஏபி1000 போன்ற புதிய வடிவமைப்பில் 72 மணி நேரம் என்கிறார்கள். இப்படி எண்ணில் வரும் பதிலைத்தான் நான் மதிப்பேன்.

கரியமில வாயு விஷயத்தில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். கட்டுமானம் முதல் எல்லாம் சேர்த்தாலும் நிலக்கரிக்கு முன்னால் சூரியன், காற்று, அணு மூன்றுமே சொற்பம்தான்.

தொடக்க தேதியைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், குறிப்பாக அணு உலைக்கு. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3 உலையை 2005இல் கட்டத் தொடங்கி 2009இல் முடிப்பதாகச் சொன்னார்கள். முறையான உற்பத்தி 2023இல்தான் வந்தது.

கடைசியாகக் கழிவு. அணு உலையில் எரிந்த எரிபொருள் எங்கே போகும் என்றால் ‘இப்போதைக்கு வளாகத்திலேயே’ என்பதுதான் வழக்கமான பதில். அந்த ‘இப்போதைக்கு’ எத்தனை வருடம் என்று விடாமல் கேளுங்கள். காற்றாலைக்காரர்களையும் சும்மா விடாதீர்கள். கண்ணாடியிழை இறக்கைகளை மறுசுழற்சி செய்வது லேசான வேலையில்லை. 20, 25 வருடம் கழித்து அவற்றைக் கழற்றி எடுத்துப்போகும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.